புது ஜெராக்ஸ் மிஷினைத் திறந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்?

கேட்டவர் காரைக்குடிக்காரர். கல்லூரிச் சாலைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கேள்வி இது: “அண்ணே, ஏழு வருசமா ரீகண்டிஷன் பண்ணின பழைய மிஷினை வச்சே ஓட்டிட்டேன். இப்ப புதுசா வந்திருக்கிற ஏ3 மிஷின் ஒண்ணு எடுக்கச் சொல்லி ஆளுக்கு ஆள் வர்றாங்க. சேல்ஸ்காரங்க பேச்சு இருக்கட்டும், ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவங்க என்ன சொல்றாங்க? நம்ம ஊருல வச்சு வேலை பார்க்க முடியுமா?”

தம்பி, நான் இந்த வேலைக்கு வந்து இருபத்தாறு வருசம் ஆகிறது. தேவகோட்டையில் ஒரு கடையில் டிரம் துடைக்கிற பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் ஒரு டீலரிடம் கழுத்தில் அடையாள அட்டையோடு ஏழு வருசம். இப்போது தனியாள், ஒரு பை, ஒரு வண்டி. இரண்டு பக்கத்துச் சோற்றையும் தின்றவன் என்பதால் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் கூடுவோம். புது மிஷின் என்று யாராவது வாயெடுத்தால் கூட்டம் இரண்டாகிவிடும். கம்பெனி என்ஜினியர் சொல்வார்: “யூனிட்டை உருவுறேன், புது யூனிட்டைச் சொருகுறேன், பத்து நிமிசம். கையில கறைகூடப் படல.” தனியாக ஓடுகிறவர் பதில் சொல்வார்: “முந்நூறு ரூபா பிளேடு தேஞ்சதுக்குப் பத்தாயிரம் ரூபா யூனிட்டு வாங்கச் சொல்றியே, கடைக்காரன் எங்கிட்டுப் போவான்?” யூனிட் என்றால் டிரம் என்கிற உருளையும் அதைத் துடைக்கிற பிளேடும் சேர்ந்த ஒரே பெட்டி. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். முதல் ஆளுக்கு யூனிட் பெட்டியிலேயே வந்து இறங்கும். இரண்டாம் ஆள் அதைத் தேடி மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டி ஏற வேண்டும், எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அங்கேயும் இல்லையென்றால் விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறி, எலக்ட்ரானிக் ஸ்பேர் விற்கிற சென்னை ரிச்சி தெரு. அதனால் “சர்வீஸுக்கு எளிதா” என்று யார் கேட்டாலும் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன். திங்கட்கிழமை காலையில் நின்ற மிஷின் காரைக்குடியில் என்றைக்கு மறுபடி ஓடும்? இனிச் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கேள்விக்குள்தான்.

முதலில் புது மிஷின்களுக்குச் சேர வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். எழுத்து பழசைவிட நன்றாகவே விழுகிறது. தூங்கிக்கிடக்கிற மிஷின் சில நொடியில் எழுந்து முதல் தாளைத் தள்ளுகிறது. நம்ம பழைய மிஷின்களில் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வருவோமே, அந்தக் காலம் போய்விட்டது. ஆதார் அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் போட ஒரு பட்டன் இருக்கிறது. செல்போனிலிருந்து நேரடியாகப் பிரிண்ட் எடுக்கலாம். கரண்ட் பில்லும் குறையும். இதையெல்லாம் எங்கள் ஆட்களில் யாரும் மறுக்கவில்லை.

வேகத்தைப் பற்றிச் சேல்ஸ்காரர் சுற்றி வளைத்துப் பேசினால் மாடல் நம்பரின் வாலைப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே இருக்கும். கேனான் 2425 என்றால் நிமிடத்துக்கு 25, 2630 என்றால் 30. ரிக்கோ ஐ.எம் 2702 என்றால் 27. கோனிகா பிஸ்ஹப்பில் 227 என்றால் 22, 367 என்றால் 36, அங்கே முதல் இரண்டு எண்ணைப் பார்க்க வேண்டும். இந்த நம்பர் பழக்கம் பழசுதான். 1959-ல் வந்த முதல் தானியங்கி ஜெராக்ஸ் மிஷினுக்கு 914 என்று பேர் வைத்ததே 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாளைக் காப்பி எடுக்கும் என்பதால்தான். நிமிடத்துக்கு ஏழு காப்பி. சூட்டில் தாள் பற்றிக்கொள்ளும் என்று பயந்து கூடவே ஒரு தீயணைப்பானும் கொடுத்தார்களாம். 14 அங்குலம் என்பது நம்ம பத்திரக் காப்பிக்குப் போடுகிற லீகல் தாளின் நீளம். ஆக, பத்திரம் காப்பி எடுக்கிற கடைக்கு அந்த முதல் மிஷினே போதுமாக இருந்திருக்கும்!

அந்தச் சூட்டுக்கு வருகிறேன். புது மிஷினைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது ஃப்யூசரை, அதாவது மைத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கிற பாகத்தை. பாதி வழக்கு அங்கேதான் இருக்கிறது.

பழைய பெரிய மிஷின்களில் ஃப்யூசர் என்றால் ஒரு தடித்த அலுமினிய ரோலர். மேலே டெஃப்லான் பூச்சு, உள்ளே ஹாலஜன் லேம்ப், கீழே ரப்பர் பிரஷர் ரோலர். சூடாக நேரம் எடுக்கும், கரண்டைக் குடிக்கும், ஆனால் எருமை மாதிரி உழைக்கும். இப்போது வரும் பல மிஷின்களில் மேல் ரோலருக்குப் பதில் காகிதம் போல மெல்லிய ஒரு ஃபிலிம், அதற்குள் பட்டையாக ஒரு செராமிக் ஹீட்டர். சில மாடல்களில் ஒரு பெல்ட். மெல்லிசாக இருப்பதால்தான் சில நொடியில் சூடாகிறது. சீக்கிரம் கிழிவதும் அதே மெல்லிசால்தான். கம்பெனிக்காரர்கள் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொன்னால் இப்படித்தான் செய்ய முடியும். ஃபிலிம் நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. ரொம்ப காலமாகவே உண்டு, இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தேவகோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸ். பழைய வளவு வீடு (பெரிய செட்டிநாட்டு வீடு) ஒன்றின் பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது. அந்த மாதிரி வீட்டுக்கு எத்தனை பங்காளி இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். இவர்களுக்கு முப்பத்திரண்டு பேர், ஆளுக்கு ஒரு செட் காப்பி. செட் போடுவதற்கு முன்னால் ரஃப் காப்பி எடுக்க, குமாஸ்தா சிக்கனம் பார்த்து ஒரு பக்கம் அடித்த பழைய தாள்களைத் திருப்பி டிரேயில் வைத்துவிட்டார். அதில் ஒன்றில் ஸ்டேப்ளர் பின் இருந்தது. பின் நேராக ஃப்யூசருக்குப் போய் ஃபிலிமைக் கிழித்தது. மிஷின் வாங்கி எட்டு மாசம். அந்த மாடலுக்கு ஃபிலிமைத் தனியாகத் தரமாட்டோம், முழு ஃப்யூசராகத்தான் என்றார்கள். அதுவும் ஸ்டாக்கில் இல்லை. வெளிச் சந்தையில் ஃபிலிம் இன்னும் வரவே இல்லை. ஒன்பது நாள் மிஷின் துணி போர்த்திக்கொண்டு நின்றது. முப்பத்திரண்டு செட்டும் வெளிக் கடையில் எடுத்தார்கள். இதே பின் பழைய ரோலரில் போயிருந்தால் ஒரு கீறல், காப்பியில் ஒரு கறுப்புப் புள்ளி, அதோடு சரி.

இங்கே ஒரு விதியைக் கவனியுங்கள். ஒரு மாடல் சந்தைக்கு வந்த முதல் வருசம், சில சமயம் இரண்டு வருசம், வெளி ஸ்பேர் கிடைக்காது. மாடல் நிறைய விற்றால்தான் ஃபிலிமும் பிளேடும் செய்பவர்கள் அந்த அளவுக்குச் செய்ய ஆரம்பிப்பார்கள். அதனால் “புத்தம் புதுசு, இப்பதான் லாஞ்ச் ஆச்சு” என்று சேல்ஸ்காரர் பெருமையாகச் சொல்வது மெக்கானிக் காதுக்கு எச்சரிக்கையாகத்தான் விழும். நான் இரண்டு வயசான மாடலைத்தான் விரும்புவேன். மிஷின் புதுசாக இருக்கட்டும், மாடல் கொஞ்சம் பழசாக இருக்கட்டும்.

ஃப்யூசரோடு ஒட்டிய இன்னொரு விசயம் டோனர், அந்த மைத்தூள். புது மிஷின்களின் டோனர் குறைந்த சூட்டிலேயே உருகும்படி செய்யப்படுகிறது. அதற்கேற்ப ஃப்யூசரின் சூட்டையும் குறைத்து வைத்திருக்கிறார்கள். அதில் போய்க் கிலோக் கணக்கில் விற்கிற பழைய வகைத் தூளை ஊற்றினால் அது அரைகுறையாகத்தான் உருகும். காப்பி பார்க்க நன்றாக இருக்கும். தாளை மடித்து மடிப்பின் மேல் விரலால் தேய்த்தால் எழுத்து உதிரும். பாதி உருகியது ஃபிலிமில் ஒட்டிக்கொண்டு அடுத்த தாளில் ஆவி மாதிரி விழும். “டோனர் சீப்பா கிடைச்சுச்சு” என்று யாராவது கொண்டுவந்தால் இந்த மடிப்புச் சோதனையைச் செய்து பார்க்காமல் ஊற்றாதீர்கள். கோவிலுக்குக் குடும்பக் கணக்கில் கட்டுகிற புள்ளி வரி ரசீதுக் காப்பியும் பத்திரக் காப்பியும் இருபது வருசம் பெட்டகத்தில் கிடக்க வேண்டியவை.

அடுத்தது டிரம், காப்பியின் உருவம் விழுந்து டோனர் ஒட்டுகிற உருளை. இங்கேதான் டீக்கடைச் சண்டை சூடுபிடிக்கும். டிரம்மோடு சேர்ந்து அதற்கு மின்னூட்டம் கொடுக்கிற ஒரு சார்ஜ் ரோலர், ஒரு கிளீனிங் பிளேடு இருக்கும். முதலில் தேய்வது பெரும்பாலும் பிளேடு. தேய்ந்தால் காப்பியில் கோடு விழும், பேக்ரவுண்ட் அடிக்கும், அதாவது வெள்ளை இடத்திலும் சாம்பல் படியும். பழைய மிஷினில் நாலு ஸ்க்ரூ கழட்டிப் பிளேடை மட்டும் மாற்றுவோம். இப்போதைய பல மாடல்களில் எல்லாம் ஒரே பெட்டி, பக்கத்தில் ஒரு சிப். சிப் பக்கங்களை எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை முடிந்ததும் சில மாடல்கள் எச்சரிக்கை காட்டிவிட்டு ஓடும், சில மாடல்கள் நின்றேவிடும். டிரம்மில் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருக்கும்போது மிஷின் “முடிந்தது” என்று நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வாங்கும்போது இதை நேராகக் கேளுங்கள்: டிரம் எண்ணிக்கை முடிந்தால் மிஷின் ஓடுமா, நிற்குமா? பதில் சொல்லத் தெரியாத சேல்ஸ்காரர் கிளம்பட்டும். டிரம்முக்கு டோனரைக் கொண்டுசேர்க்கிற டெவலப்பரும் டிரம்மும் தனித்தனியாக இருக்கிற மாடலா என்றும் கேளுங்கள். தனித்தனியாக இருந்தால் ஒன்று கெட்டதற்கு இரண்டையும் மாற்ற வேண்டாம்.

கியோசெராவின் சில மாடல்களில் அமார்ஃபஸ் சிலிக்கான் என்ற கடினமான பூச்சுப் போட்ட டிரம் வரும். சாதாரண டிரம்மைவிடப் பல மடங்கு உழைக்கும். 1992-ல் எக்கோசிஸ் என்ற பெயரை வைத்ததிலிருந்தே டிரம்மைக் குப்பையில் போடாமல் ஓட்டுவதுதான் அவர்கள் வழி. ஆனால் எல்லா மாடலிலும் அது கிடையாது. சின்ன மாடல்களில் சாதாரண டிரம்தான். பேர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாமல் மாடலைச் சொல்லிக் கேளுங்கள். பழக்கமில்லாத கை கீறிவிட்டால் அந்த நீண்ட ஆயுள் டிரம்மின் விலையும் நீண்டதுதான்.

சரி, இடத்துக்கு வருவோம். கம்பெனியின் ஏசி அறையில் சோதித்த மிஷின் நம்ம பக்கம் வந்து என்ன ஆகிறது என்பதைப் புதுவயலில் பார்க்கலாம். அரிசி மில் ஆபீஸ்களில் தவிட்டுத் தூசி காற்றோடு கலந்தே இருக்கும். மிஷினின் காற்றாடி அதை உள்ளே இழுக்கும். அது லேசர் வெளிவரும் நீளக் கண்ணாடியில் படிந்தால் காப்பியில் நெடுக்காக வெள்ளைக் கோடு. நல்ல வேளையாகப் புது மாடல்கள் பலவற்றில் அந்தக் கண்ணாடியைத் துடைக்க ஒரு குச்சி இருக்கிறது. முன்கதவைத் திறந்து இழுத்துத் தள்ளினால் போதும், என்னைக் கூப்பிடவே வேண்டாம். லேசருக்குப் பதில் எல்.இ.டி வரிசை வைத்த மிஷின்களில் சுழலும் கண்ணாடி, அதற்கொரு மோட்டார் எதுவும் கிடையாது. கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு. கேனான் இமேஜ்ஃபோர்ஸ் என்று புதிதாக விட்டிருக்கும் பெரிய கலர் மிஷினில் லேசருக்குப் பதில் ஓ.எல்.இ.டி ஒளியை வைத்திருக்கிறார்கள். அசையும் பாகம் குறைந்தால் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் அந்த ஒளிப்பட்டை போனால் தட்டிக்கொட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது, மாற்றத்தான் வேண்டும்.

பல்லியை மறந்துவிட்டேன். கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் மாதிரி பெரிய வீடுகளை ஆபீஸாகவோ ஹோட்டலாகவோ மாற்றிய இடங்களில் எனக்கு வருகிற பவர் போர்டு கேஸ்களில் பாதி பல்லிதான். ராத்திரி சூட்டுக்காகப் பின்பக்கத் துவாரம் வழியாக உள்ளே போகும், போர்டில் குறுக்கே படுக்கும், காலையில் சுவிட்சைப் போட்டதும் அதுவும் போச்சு, போர்டும் போச்சு. இதில் புது மிஷின் பழைய மிஷின் என்ற பேதமே இல்லை. புதுசில் போர்டு விலை அதிகம், அவ்வளவுதான். வாரன்டியில் பல்லிக்கு இடம் கிடையாது. துவாரத்தை அடைத்துவிடாதீர்கள், சூடு வெளியே போகாது. பின்னால் காற்று போகிற மாதிரி மெல்லிய கொசுவலைக் கம்பியை ஃப்ரேம் போட்டு நிறுத்துங்கள்.

கரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்ததுதான். மிஷின் சூடாகிற நேரத்தில் ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுக்கு மேல் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் போடாதீர்கள். நல்ல ஸ்டெபிலைசர், சரியான எர்த், தனி லைன். எர்த் சரியில்லாத கடையில் போர்டு போனால் எந்த மெக்கானிக்கையும் திட்டக் கூடாது.

இப்போது பூட்டு விசயம். எல்லா மிஷினும் கோளாறு வந்தால் ஒரு எண்ணைக் காட்டும். கேனானில் இ000, இ001 என்றால் ஃப்யூசர் சூடு. ரிக்கோவில் எஸ்.சி 540 வரிசை, கியோசெராவில் சி6000 வரிசை, ஏறக்குறைய அதே கதை. இந்த எண்களில் சில, கோளாறைச் சரிசெய்து சுவிட்சை அணைத்துப் போட்டாலும் போகாது. சர்வீஸ் மோடு என்கிற மெக்கானிக் மெனுவுக்குள் போய் அழித்தால்தான் போகும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சூடு எகிறிய மிஷினைக் கடைக்காரர் அணைத்துப் போட்டு ஓட்டித் தீப்பிடிக்கக் கூடாது இல்லையா? அது நியாயம். ஆனால் சர்வீஸ் மோடுக்கே பாஸ்வேர்டு, பாகத்தை மாற்றினால் கம்பெனி லேப்டாப்பை இணைத்துச் சொல்லிக் கொடுத்தால்தான் ஏற்றுக்கொள்ளும் என்று வரும்போது எங்களைப் போன்ற தனியாட்கள் வாசலோடு நின்றுவிடுகிறோம். வெளி டோனரைச் சிப்போடு சேர்த்து ஏற்றுக்கொண்ட மிஷின், ஃபர்ம்வேர் என்கிற உள் மென்பொருளைப் புதுப்பித்ததும் ஏற்க மறுத்த கேஸ் இரண்டு பார்த்திருக்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், நாளைக்கு எனக்கு அங்கேயும் வேலை இருக்கிறது.

மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, செல்போனும் மின்னணுச் சாதனமும், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறைகள். நல்ல காரியம். அதனால் ஒரு ஜெராக்ஸ் மிஷினின் சர்வீஸ் மேனுவல் என் கைக்கு வந்த நாளை நான் இன்னும் பார்க்கவில்லை.

கம்பெனி என்ஜினியர் பக்கத்து நியாயமும் இதில் உண்டு. ரிக்கோவின் அட் ரிமோட், கேனானின் இ-மெயின்டனன்ஸ் மாதிரி வசதிகள் எத்தனை காப்பி என்று எண்ணும் கவுண்டரையும் கோளாறையும் இணையம் வழியாக டீலருக்குத் தானாகவே சொல்லிவிடும். டோனர் தீரும் முன்பே டோனர் வந்து நிற்கும். யூனிவர்சிட்டி, பேங்க் மாதிரி இடங்களில் காப்பிக்கு இத்தனை பைசா என்று ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு யூனிட் விலை தெரியவே வேண்டாம், கெட்டால் கம்பெனி தலைவலி. அந்த இடத்துக்குப் புது மிஷின் தங்கம். நீங்கள் கையை விட்டுச் செலவு செய்கிற கடைக்காரர், உங்கள் கணக்கு வேறு.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, உங்கள் மாடலின் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். டோனர் 3,000 ரூபாய், பெட்டியில் 15,000 பக்கம் என்று போட்டிருக்கிறது. 20 பைசா என்று நினைப்பீர்கள். அந்த 15,000 என்பது தாளில் சுமார் 5 சதவீதம் மட்டும் கறுப்பு விழுந்தால். காப்பியின் காப்பி, கறுத்துப்போன பழைய பத்திரம், போட்டோ போட்ட ஆதார், பொடி எழுத்தில் நோட்ஸ் என்று வருகிற நம்ம கடையில் 9 சதவீதம் என்று வையுங்கள். 8,300 பக்கத்தில் டோனர் காலி, காப்பிக்கு 36 பைசா. இனி டிரம் யூனிட் 10,000 ரூபாய், 80,000 பக்கம்: பன்னிரண்டரை பைசா. முழு ஃப்யூசர் 15,000 ரூபாய், ஒன்றரை லட்சம் பக்கம்: 10 பைசா. மொத்தம் 58 பைசாவுக்குக் கொஞ்சம் மேல், தாள் இல்லாமல். அதே மிஷினைப் பிரித்து வேலை பார்க்க முடிந்தால், டிரம்மும் பிளேடும் 3,000 ரூபாயில் 60,000 பக்கம், 5 பைசா. ஃபிலிமும் பிரஷர் ரோலரும் 3,000 ரூபாயில் 75,000 பக்கம், 4 பைசா. மொத்தம் 45 பைசா. வித்தியாசம் பதின்மூன்றரை பைசா. ஒரு நாளைக்கு ஆயிரம் காப்பி ஓடினால் 135 ரூபாய், மாசம் 25 நாளில் 3,375 ரூபாய். உங்கள் கடைப் பையனின் சம்பளத்தில் ஒரு பங்கு அது. மிஷின் விலையில் ஐயாயிரம் குறைத்துக் கேட்டு மல்லுக்கட்டுகிறோம், இதை யாரும் கேட்பதில்லை.

ரீகண்டிஷனைத் தொடரலாமா என்ற கேள்வியும் உங்கள் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. கேனான் 3300 காலத்திலிருந்து தமிழ்நாட்டு ஜெராக்ஸ் கடைகளைத் தூக்கி நிறுத்தியது வெளிநாட்டில் ஓடி முடித்து வந்த மிஷின்கள்தான். கனமான ஃப்ரேம், நல்ல கிளட்ச், எந்த ஸ்பேரும் எந்த ஊரிலும். எனக்குச் சோறு போட்டதும் அவைதான், குறை சொல்ல நாக்கு வராது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கவுண்டரை நம்பாதீர்கள், பின்னோக்கித் திருப்பியிருப்பார்கள். பிரஷர் ரோலரின் ரப்பரையும் தாளை இழுக்கிற பிக்கப் ரோலரின் வழவழப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள், அவை பொய் சொல்லாது. ஹார்டு டிஸ்க் இருக்கிற மிஷினென்றால் முன்னால் வைத்திருந்தவரின் காகிதங்கள் அதில் மிச்சம் இருக்கலாம். வாங்கியதும் முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விற்கும்போதும் அதையே செய்யுங்கள், உங்கள் கடையில் ஊர்ப் பத்திரமெல்லாம் ஓடியிருக்கிறது. பழைய டிஸ்க் திடீரென்று செத்தால் நல்ல மிஷினும் எழாது. நான் பார்த்தவரை, நன்றாக ஓடும் ரீகண்டிஷனை இன்று விற்றுத் தொலைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கலரை இப்போதைக்கு விடுங்கள். நாலு டிரம், ஒரு பெல்ட், நாலு மடங்கு வேலை. உங்கள் கடையில் அவ்வளவு கலர் ஓடாது.

இங்க் மிஷின் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். எப்சன் 2026-க்குள் லேசர் பிரிண்டர் விற்பனையை உலகம் முழுக்க நிறுத்துவதாக 2022-ல் அறிவித்தது. அவர்களுடைய பெரிய ஆபீஸ் மிஷின்களில் ஃப்யூசரே இல்லை. நான் இவ்வளவு நேரம் புலம்பிய பாதிப் பிரச்சினை அங்கே பிறக்கவே இல்லை. எங்கள் டீக்கடையில் இதற்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. தினமும் ஓடுகிற ஆபீஸுக்கு நல்லது என்றே எனக்குத் தோன்றுகிறது. லீவு விட்டு ஒரு மாசம் பூட்டிப் போடுகிற இடத்தில் இங்க் தெளிக்கிற ஹெட் காய்ந்துவிடும். பத்திரக் காப்பிக்கு நான் இன்னும் டோனரைத்தான் நம்புகிறேன். ஈரக் கைபட்டால் என்ன ஆகும் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும் இல்லையா.

என்னைக் கூப்பிட்டு நூறு தடவையாவது காட்டியிருப்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மேலே தாளைத் தானாக இழுத்துக்கொள்கிற ஏ.டி.எஃப்-இல் தாளை வைத்து எடுத்தால் நெடுக்காகக் கறுப்புக் கோடு, கண்ணாடியில் வைத்து எடுத்தால் கோடு இல்லை. டிரம் போச்சு என்று பயந்துவிடுவார்கள். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இன்னொரு கண்ணாடிப் பட்டை இருக்கும், அதில் ஒரு பசைத் துளியோ வெள்ளை மையோ ஒட்டியிருக்கும். நகத்தால் தடவிப் பார்த்து, ஈரத் துணியால் துடைத்தால் தீர்ந்தது. எந்தக் கம்பெனி, எந்த வருசத்து மிஷினாக இருந்தாலும் இதுதான். டோனர் கொட்டினால் மட்டும் வீட்டு வாக்குவம் கிளீனரை வைக்காதீர்கள், தூள் ஃபில்டரைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும். சட்டையில் பட்டால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள், சுடுதண்ணீர் பட்டால் உருகிப் பிடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு நான் சொல்வது இது. பழைய மிஷினைக் கடையின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நிமிடத்துக்கு 25-லிருந்து 30 வரை ஓடும் கறுப்பு வெள்ளைப் புது மிஷின் ஒன்று எடுங்கள், சந்தைக்கு வந்து இரண்டு வருசமாவது ஆன மாடலாக. கையெழுத்துப் போடும் முன் டீலரிடம் மூன்று விசயத்தைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஃபிலிமும் பிளேடும் தனியாகக் கிடைக்குமா, டிரம் எண்ணிக்கை முடிந்தால் மிஷின் நிற்குமா, என்ஜினியர் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார். “மதுரையிலிருந்து வருவார்” என்று சொன்னால் அவர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை காரைக்குடிக்கு வருவார் என்று கேளுங்கள். வாரன்டி “ஒரு வருசம் அல்லது இத்தனை காப்பி, எது முந்தியோ அது” என்று இருக்கும். உங்கள் ஓட்டத்துக்கு அது எத்தனை மாசத்தில் முடியும் என்று அங்கேயே வகுத்துப் பாருங்கள்.

மிஷின் வந்து இறங்குவதற்கு முன்னால் அது நிற்கப்போகிற சுவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி. போன ஐப்பசியில் உங்கள் கடைக்கு வந்தபோது மேற்குச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. தாள் பண்டலை அங்கேதான் அடுக்கியிருந்தீர்கள். ஈரம் குடித்த தாள் சுருண்டு எந்தப் புது மிஷினிலும் சிக்கும். பண்டலை முதலில் கிழக்குப் பக்கம் மாற்றுங்கள், ஸ்டெபிலைசர் எங்கே வைப்பது என்று நான் வந்து பார்க்கிறேன்.